உமிப் பெட்டியில் வந்த மருந்து

அத்தியாயம் 7

லாக்கப்புக்குள் சுவரோரமாக உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் சின்னச்சாமிக்கு இரண்டு கண்களும் வீங்கியிருந்தன. இமைகள் பணியாரம் மாதிரி உப்பி, நடுவில் ஒரு கீறல்தான் தெரிந்தது.

"நல்லா விருந்து வச்சிருக்கீக போல" என்றேன் ஏட்டு ராக்கையாவிடம்.

"ஏலே ஒச்சாண்டி, சத்தியமாச் சொல்றேன், ஒருத்தரும் இவன் மேல கை வைக்கல. வரும்போதே மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு."

போலீஸ்காரர் சத்தியம் செய்தால் நான் நம்புகிறவன் இல்லை. என் வண்டிக் குதிரைகூட நம்பாது. ஆனால் என் பக்கத்தில் நின்ற ஞானபாக்கியம், "நெசந்தான் சொல்றாரு" என்றார்.

ஊரெல்லாம் நர்ஸம்மா என்று கூப்பிடுகிற ஞானபாக்கியம், யுத்தத்தின்போது இம்பால் பக்கம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்தபிறகு எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. போலீசுக்குப் போகக் கூச்சப்படுகிற குடும்பங்கள் அவரைத் தேடி வரும். காணாமல் போன நகை, மொட்டைக் கடிதம், ராவோடு ராவாக ஓடிப்போன மாப்பிள்ளை, எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுப்பார். வண்டி என்னுடையது, குதிரை என்னுடையது, வாய் என்னுடையது, மூளை அவருடையது. இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு.

இந்தத் தடவை காணாமல் போனது ஓர் உயிர்.

ராயப்பன்பட்டி பங்கிராசின் மனைவி வியாகுலமேரி. இருபத்திரண்டு வயது. யுத்தம் முடிந்த மறு தையில் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். மூன்றாம் நாள் பேறுகாலக் காய்ச்சல் வந்து நூற்றிநான்கு டிகிரிக்குப் போய்விட்டது. அதுவரை பட்டாளத்துக்கு மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்த பென்சிலின் இரண்டு மாதம் முன்புதான் மதுரைக்கு வந்து இறங்கியிருந்தது. அதைக் குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். போடி ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பங்கிராஸ் அடுப்புக்கரியை எரித்து ஓடுகிற கரி பஸ்ஸில் மதுரைக்குப் போனான். பலகைப் பெட்டியில் உமியைக் கொட்டி, நடுவில் ஐஸ்கட்டியையும் மருந்தையும் வைத்து, பஸ்ஸின் மேற்கூரையில் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தே ஊர் வந்து சேர்ந்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

டாக்டர் தன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மேரியைப் போட்டு இரண்டு நாள் ஊசி போட்டார். காய்ச்சல் நூறுக்கு இறங்கியது. மேரி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். இனி வீட்டிலேயே மூன்று மணி நேரத்துக்கொரு ஊசி போட்டால் போதும் என்று டாக்டர் கம்பவுண்டரையும் கூடவே அனுப்பினார். வீட்டில் இரண்டே நாள். காய்ச்சல் மறுபடி ஏறியது. டாக்டர் வந்து பார்த்து ஊசியை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது மேரி இல்லை.

அதே மருந்து, அதே கம்பவுண்டர். ஆஸ்பத்திரியில் கேட்ட மருந்து வீட்டில் ஏன் கேட்கவில்லை? நடுவில் சின்னச்சாமி மருந்தைக் கள்ள மார்க்கெட்டில் தள்ளிவிட்டு, பாட்டிலில் சுண்ணாம்புப் பொடியைக் கரைத்துவிட்டான் என்று பங்கிராஸ் பிராது கொடுத்தான். ஊரே பார்த்த சாட்சியமும் ஒன்று இருந்தது. ஊசி போட வரும்போதெல்லாம் சின்னச்சாமி இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தான்.

"பாட்டில்ல ரேகை விழக்கூடாதுன்னு சுத்தியிருக்கான்" என்றார் ஏட்டு. "படிச்ச களவாணி. நாளைக்குக் காலையில கோர்ட்டுல நிறுத்திருவோம்."

எங்களை அமர்த்தியதும் பங்கிராஸ்தான். மருந்தை எங்கே விற்றான் என்று மட்டும் கண்டுபிடித்துக் கொடுங்கள், இவன் தூக்கில் தொங்குவதை நான் பார்க்க வேண்டும் என்றான். சொல்லும்போது அவன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நர்ஸம்மா கம்பிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். "கையக் காட்டுப்பா."

சின்னச்சாமி துணி சுற்றிய கைகளை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான். "வேணாம் நர்ஸம்மா. மருந்த நான்தான் வித்தேன்னு வேணா எழுதிக்கங்க. கையப் பாக்காதீக."

"கழுத்தக் குடுப்பானாம், கையக் குடுக்க மாட்டானாம்" என்றேன். நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கம்பிக்குள் கையை விட்டு அவரே துணியை அவிழ்த்தார். நல்லவேளை, அன்றைக்குக் காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புறங்கை சிவந்து கொப்புளம் கட்டி, அங்கங்கே நீர் கசிந்தது. எனக்கே தெரியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். ஏட்டு இரண்டு அடி நகர்ந்தார்.

"பெருவியாதி. குஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சின்னச்சாமி அழ ஆரம்பித்தான். "எங்க சித்தப்பனுக்கு இருந்துச்சு. மலையடியில தனிக் குடிசை போட்டு வச்சாக. சாகுற வரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போகல. என் பொண்டாட்டி மாயக்காளுக்குக்கூட நான் இன்னும் காட்டல. ஜெயிலுக்குப் போனா ஒருநா திரும்பி வரலாம் நர்ஸம்மா. இது தெரிஞ்சா நான் எங்கன போவேன்?"

நர்ஸம்மா அந்தக் கையை விடவில்லை. "எப்பலருந்து இருக்கு?"

"கார்த்திகையிலருந்து. டாக்டரு இந்தப் புது மருந்து வாங்க ஆரம்பிச்சாரு. பொடியத் தண்ணியில கலக்குறது என் வேலை."

"நடுவுல கொறஞ்சுச்சா?"

"மார்கழியில மருந்து வரல. அப்ப சுத்தமா வத்திருச்சு. மேரிக்குக் கலக்க ஆரம்பிச்ச அன்னிக்குச் சாயங்காலமே திரும்ப வந்துருச்சு, கண்ணு முதக்கொண்டு."

"இங்கன வந்து மூணு நாளாச்சே?"

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். "கொஞ்சம் வத்தியிருக்கு."

நர்ஸம்மா எழுந்து முந்தானையை உதறினார். "ஏட்டய்யா, பெருவியாதி மாசத்துக்கு மாசம் லீவு போடாது."

பிறகு சொன்னார். இம்பாலில் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேருக்கு இதே கை, இதே கண் வந்ததாம். பென்சிலின் பொடி மேலே பட்டுக்கொண்டே இருந்தால் சில பேர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. கலக்கும்போது பொடி பறக்கக் கூடாது, மூச்சில் இழுக்கக் கூடாது, கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. ஒரு தடவை தடிப்பு வந்தவனை மறுபடி அந்த மருந்துப் பக்கமே விடக்கூடாது, மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

"இதெல்லாம் இவனுக்கு ஒருத்தரும் சொல்லல. இவனும் ஒருத்தருக்கும் சொல்லல" என்றார். "சுண்ணாம்புப் பொடியக் கலக்குனவனுக்குக் கண்ணு இப்படி வீங்காது ஏட்டய்யா. மேரிக்கு இவன் கலந்தது அசல் மருந்து. ரேகைக்காகத் துணி சுத்துனான்னு சொன்னீகளே, அந்தத் துணிதான் இவன் களவாணி இல்லன்னு சொல்லுது."

சின்னச்சாமி அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப இது பெருவியாதி இல்லையா?" என்று மட்டும் கேட்டான். விடுதலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"இல்ல. ஒட்டவும் ஒட்டாது. மருந்தத் தொடாம இருந்தா பத்து நாள்ல போயிரும்."

ஏட்டு தலையைச் சொறிந்தார். "எல்லாஞ் சரி நர்ஸம்மா. அசல் மருந்துன்னா அந்தப் பிள்ளை ஏன் செத்துச்சு? கலந்தப்பறம் மாத்தியிருக்கலாம்ல?"

"மாத்தியிருக்கலாம். பாட்டில் எங்கன இருந்துச்சு சின்னச்சாமி?"

"அவுக வீட்டுலதான். ஐஸப் போட்டு பிளாஸ்குக்குள்ள வச்சிருந்தாக. பேறுகால வீட்டுல அசலான் தங்கக் கூடாதுல்ல, நான் கோயில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துல படுத்துக்குவேன். மூணு மணிக்கொருக்கப் போவேன். பங்கிராசு நாயப் பிடிச்சுக் கட்டுவாரு, பாட்டில எடுத்துக் கையில குடுப்பாரு, ஊசி போட்டுட்டு வந்துருவேன்."

"நாயா?"

"கோம்பை நாயி. அவரு கட்டலைன்னா அந்த வாசல எவனும் தாண்ட முடியாது."

நர்ஸம்மா நேராக வண்டியில் போய் ஏறினார்.

ராயப்பன்பட்டி ரோட்டில் அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். மேற்கு மலையிலிருந்து வந்த காற்று காதைக் கடித்தது. குதிரை வழக்கம்போல என் பேச்சைக் கேட்காமல் நர்ஸம்மா பேச்சைக் கேட்டு நடந்தது.

"வெளியாள் வர முடியாது" என்றேன். "அப்ப வீட்டாள்தான் பாட்டில்ல கை வச்சிருக்கணும். பங்கிராசுக்கு அக்கா ஒருத்தி இருக்காக, இருதயம்மாள். செத்தவளுக்கு நாத்தனா. எனக்கு அவுக மேலதான் சந்தேகம்."

"ஒனக்கு எந்த நாத்தனா மேலதான் சந்தேகம் இல்ல?"

"என் தங்கச்சி மேல இல்ல. அவளுக்கு அம்புட்டு மூளை கெடையாது."

நர்ஸம்மா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

பங்கிராஸ் வீட்டு வாசலில் செவலை நிறத்தில் ஒரு கோம்பை நாய் கட்டாமல் நின்றது. என் கெண்டைக்காலை அது பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பங்கிராஸ் ஓடிவந்து அதைக் கட்டினான். ஏழு நாள் தாடி, கசங்கிய சட்டை. உள்ளே கைப்பிள்ளை அழுதது. இருதயம்மாள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கன வித்தான்னு கண்டுபிடிச்சிட்டீகளா நர்ஸம்மா?"

"கிட்டத்துல வந்துட்டேன் தம்பி. அந்தப் பெட்டிய எனக்குக் காட்டு."

பெட்டியை அவன் தூக்கி வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கோயிலில் இருந்து எடுத்து வருகிறவன் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். உமியை எப்படி அழுத்தி வைக்க வேண்டும், சாக்கை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும், பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் தண்ணீர் தெளித்துச் சாக்கை எப்படி ஈரமாக வைத்திருந்தான், எல்லாவற்றையும் சொன்னான்.

"கடைசியாக் கொண்டாந்த ஐஸு, மேரிய எடுத்துட்டுப் போனப்பறங்கூடக் கரையாமக் கெடந்துச்சு" என்றான். பெட்டியின் மூடியை அழுத்தி மூடினான்.

வாயகன்ற பிளாஸ்குக்குள் கடைசி பாட்டில் இருந்தது. விரல் உயரக் கண்ணாடி பாட்டில், ரப்பர் மூடி, அடியில் சொட்டு மருந்து. நர்ஸம்மா அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் பாதிவரை மஞ்சள் ஏறியிருந்தது, அளந்து கோடு போட்டது மாதிரி.

"பாட்டிலுக்கு மஞ்சக்காமாலையா?" என்றேன்.

நர்ஸம்மா பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். நொச்சி இலை வாசம். ஐஸ் தண்ணீருக்கு மஞ்சள் நிறமும் கிடையாது, நொச்சி வாசமும் கிடையாது. அது எனக்கே தெரியும்.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் நிலைப்படியோடு நின்றுகொண்டேன்.

"ஏத்தா இருதயம், மேரிக்கு வேதுத்தண்ணி வச்சீகளா?"

"வைக்காம இருப்பமா நர்ஸம்மா? நொச்சியும் மஞ்சளும் போட்டு ராப்பகலா அடுப்புல கொதிச்சுக்கிட்டே கெடந்துச்சு. துணியில நனைச்சு ஒத்தடம் குடுக்குறதுக்கு."

"அடுப்ப நீங்கதான் பாத்தீகளா?"

"நான் எங்கிட்டுப் பாக்க? பிள்ளையோடயே சரியாப் போச்சு. தம்பிதான் பாத்தான். ஆம்பள உக்காந்து பொண்டாட்டிக்கு வேதுத்தண்ணி காய்ச்சுறானேன்னு தெருவே சிரிச்சுச்சு. அவன் சட்டை பண்ணல. அந்த அடுப்ப விட்டு எந்திரிக்கவே இல்ல." இருதயம்மாள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். "என் கூடப்பொறந்தவன்னு சொல்லல நர்ஸம்மா. அப்படி ஒரு புருசன ஒருத்தி பாத்திருக்க மாட்டா."

நாத்தனார் மேல் நான் வைத்த சந்தேகம் அந்த இடத்திலேயே செத்தது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிட மோசமாக இருந்தது. நர்ஸம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன், அதுவரை நான் செய்யாத காரியம்.

"வேணாம் நர்ஸம்மா. போயிரலாம் வாங்க. மருந்து தானாக் கெட்டுப்போச்சுன்னு ஏட்டுகிட்டச் சொல்லிக்கிரலாம்."

"எப்படிக் கெட்டுச்சுன்னு கேப்பாரு. பாட்டிலத் தொட்டவுக ரெண்டே பேரு. நான் ஒருத்தரச் சொல்லலைன்னா இன்னொருத்தன் நாளைக்குக் கோர்ட்டுல நிப்பான், ஒச்சாண்டி."

"இவன் தாங்க மாட்டான்."

"தெரியும்" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

திரும்பி வந்து பங்கிராசுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். கேள்வியைக் கேட்கிற மாதிரியே இல்லை, துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஊசி போடுறப்ப மேரிக்கு ரொம்ப வலிச்சுச்சாப்பா?"

"வலிய அவ பொறுத்துக்குவா நர்ஸம்மா. குளிருதான் அவளால தாங்க முடியல." பங்கிராஸ் தரையைப் பார்த்தான். "ஐஸுக்குள்ளருந்து எடுத்து அப்படியே ஏத்துறாகல்ல. எலும்பு வரைக்கும் குளிருது மாமான்னு நடுங்குவா. பச்ச ஒடம்பு. பிள்ளை பெத்தவளப் பச்சத் தண்ணியில கை வைக்கவே விட மாட்டோம், அந்த ஒடம்புக்குள்ள ஐஸ ஏத்துனா என்னாகும்? ஆஸ்பத்திரியில நான் என்ன செய்ய முடியும், வெளிய நிறுத்திட்டாக. வீட்டுக்கு வந்தப்பறம் நான் பாத்துக்கிட்டேன்."

"என்ன செஞ்ச?"

"கம்பவுண்டர் வாரதுக்கு முன்னாடியே பாட்டில எடுத்து வேதுத்தண்ணிச் சட்டியில நிக்க வச்சிருவேன். நல்லாச் சூடேறுன தண்ணி. குளிர்ச்சி அம்புட்டும் போகட்டும்னு அரை மணி நேரம். அப்பறம் தொடச்சு பிளாஸ்குல வச்சிருவேன். அவன் பாத்தா கத்துவான்ல." அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "ஒவ்வொரு ஊசிக்கும் செஞ்சேன் நர்ஸம்மா. ஒண்ணுகூட விடல. அந்த ரெண்டு நாளும் அவ குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்தச் சண்டாளன் மட்டும் மருந்த மாத்தாம இருந்திருந்தா..."

வெளியே நாய் குரைத்து ஓய்ந்தது. நான் சுவரில் தொங்கிய திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சின்னச்சாமி மருந்த மாத்தல, பங்கிராசு" என்றார் நர்ஸம்மா. "அசல் மருந்துதான். அதுக்கு அத்தாட்சி அவன் கையிலயே இருக்கு."

பங்கிராஸ் நம்பாமல் பார்த்தான். "அசல் மருந்துன்னா?"

நர்ஸம்மா எத்தனையோ பேரின் பொய்யை முகத்துக்கு நேரே உடைத்த மனுஷி. அன்றைக்கு அவருக்குச் சொல் வரவில்லை.

பங்கிராஸ் எழுந்துபோய் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தான். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். மருந்து டப்பாவுக்குள் இருந்த இங்கிலீஷ் தாள்.

"மேரி போனதுலருந்து இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு இங்கிலீஷு தெரியாது. இந்த மருந்த எப்படி வச்சுக்கணும்னு இதுல போட்டிருக்காம். படிச்சுச் சொல்லுங்க."

நர்ஸம்மா தாளை வாங்கினார். நட்சத்திரக் குறி போட்டு ஒவ்வொரு விஷயமாக அச்சடித்திருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

"பொடி காத்துல பறக்கக் கூடாது, மூச்சுல இழுக்கக் கூடாது. கையில பட்டா ஒடனே சோப்புப் போட்டுக் கழுவணும். தடிப்பு வந்தவுக இத மறுபடி தொடக் கூடாது. காச்சி ஆறவச்ச தண்ணியிலதான் கலக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "மருந்து கலங்கலாத் தெரிஞ்சா கொட்டிரணும். அம்புட்டுத்தாம்ப்பா."

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பங்கிராஸ் அதை வாங்கி மறுபடி பிரித்தான். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு குறியாகத் தொட்டுக்கொண்டு வந்தான்.

"ஆறு நட்சத்திரம் போட்டிருக்கு நர்ஸம்மா. நீங்க அஞ்சுதான் சொன்னீக."

அவன் தாளை நர்ஸம்மா பக்கம் திருப்பிப் பிடித்தான்.

"நாலு சொல்லிட்டு நிறுத்துனீக. இந்த அஞ்சாவதத் தாண்டிட்டீக. அதயும் படிச்சிருங்க."

நர்ஸம்மா தாளைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "கலக்குன மருந்தக் குளிர்ச்சியிலயே வைக்கணும். சூடு காட்டக் கூடாது. சூடு பட்டா மருந்தோட சக்தி செத்துப்போகும். அப்பறம் அது வெறும் தண்ணி."

பங்கிராஸ் அந்த வரியிலேயே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அவ நடுங்குனா நர்ஸம்மா" என்றான் கடைசியில். "குளிரட்டும்னு விட்டிருக்கணுமா?"

"ஆமாய்யா. குளிரட்டும்னு விட்டிருக்கணும்."

அவன் அப்போதுதான் அழுதான். ஏழு நாளாக அழாதவன் அழுதால் எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. இருதயம்மாள் பிள்ளையோடு ஓடிவந்து, என்ன ஏது என்று தெரியாமலே அவன் தலையைப் பிடித்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். நர்ஸம்மா அவன் முதுகில் கை வைத்திருந்தார். நான் வெளியே போய் நாய்க்குப் பக்கத்தில் நின்றேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் பங்கிராஸ் முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நாங்கள் கூப்பிடவில்லை. அவனே வண்டியில் ஏறினான். வழிநெடுக அந்தப் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டே வந்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு முன்னால் நின்று, "அவன விட்டுருங்க. பிராது குடுத்தவனும் நான்தான், குத்தவாளியும் நான்தான். எழுதிக்கங்க" என்றான்.

ஏட்டு ராக்கையா முழுவதையும் நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டார். பேனாவை எடுத்தார், மூடியைத் திருகினார், திரும்ப மூடி வைத்தார். "நீ செஞ்சதுக்குச் சட்டத்துல ஒரு பிரிவும் இல்ல தம்பி. பிராதத் திருப்பி வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போ."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

ஒரு மனுஷன் தனக்குத் தண்டனை இல்லை என்று கேட்டு அப்படி நொறுங்கியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

லாக்கப்பைத் திறந்தார்கள். சின்னச்சாமி வெளியே வந்தான். நடந்ததை நர்ஸம்மா அவனுக்கும் சொன்னார். வழக்கு முடிந்தது, வண்டியைப் பூட்டலாம் என்று நான் திரும்பினேன். அப்போது சின்னச்சாமி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தன தடவ நீங்க என் கையில குடுத்தீக அண்ணே" என்றான் பங்கிராசிடம். "சூட்டுல அரை மணி நேரம் நின்ன பாட்டிலு ஒடனே ஆறிருமா? வெதுவெதுன்னுதான இருந்திருக்கும். வெறுங்கையால வாங்கியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். மொத ஊசியிலயே நிறுத்தியிருப்பேன். வேற பாட்டில் ஒடச்சிருப்பேன். நான் துணி சுத்தியிருந்தேன்ல. ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு சுத்தியிருந்தேன்ல."

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டார். இது அவருக்கும் தெரியாது. அந்தத் துணி அவன் களவாணி இல்லை என்று சொன்னதாகத்தான் காலையில் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

பங்கிராஸ் அவனை நெருங்கினான். அடிப்பானோ என்று ஏட்டு குறுக்கே போகப் பார்த்தார். பங்கிராஸ் குனிந்து, புண்ணாகிக் கிடந்த அந்தக் கையைத் துணியில்லாமல் பிடித்துத் தூக்கிவிட்டான். அது ஒட்டாது என்று பங்கிராசிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எந்திரிப்பா. வீட்டுல மாயக்கா காத்திருக்கும். இந்தக் கையக் கொண்டுபோய் மொதல்ல அதுகிட்டக் காட்டு."

அவர்கள் இரண்டு பேரும் பஸ் நிற்கிற இடம்வரை சேர்ந்து நடந்து போனார்கள்.

நான் குதிரையைப் பூட்டினேன். வெயில் இறங்கி மலைக்காற்று திரும்பிவிட்டது. நர்ஸம்மா வண்டிக்குள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எந்த வழக்கு முடிந்தாலும் ஏதாவது கோணலாகப் பேசி அவரைச் சிரிக்க வைத்துத்தான் வீட்டில் இறக்கிவிடுவேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. குளிருதா நர்ஸம்மா என்றாவது கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அந்தச் சொல்லும் வரவில்லை.

குதிரைக்குப் போடுகிற கம்பளியை எடுத்து உதறி அவர் மேல் போர்த்திவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டினேன்.